பதினான்கு எண்களில் ஒரு காந்தாரம்

கம்ப்யூட்டரில் இசையமைக்கும் விளையாட்டு என்று ஒன்று உண்டு என்பதை நான் முதலில் படித்தது எண்பதுகளின் நடுவில், ஓர் ஆங்கிலப் பத்திரிகையில். வில் ஹார்வி என்ற அமெரிக்கப் பள்ளி மாணவன் பதினைந்து வயதில், ஆப்பிள் 2 என்னும் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக எழுதியது அது. பெயர் ‘மியூசிக் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி வெளியிட்டது. தான் முன்பு செய்த சுடும் விளையாட்டு ஒன்றுக்குப் பின்னணி இசை சேர்க்க வேண்டும் என்றுதான் அவன் அதை எழுத ஆரம்பித்தானாம்.

அதில் எதிரி கிடையாது, மதிப்பெண் கிடையாது. திரையில் மேல்நாட்டு இசையின் ஐந்து கோடுகள் இருக்கும். கீழே சுரக் குறிகள் வரிசையாக இருக்கும். ஜாய்ஸ்டிக்கால் ஒரு சின்னக் கையை நகர்த்தி, குறியைத் தூக்கிக் கொண்டுபோய்க் கோட்டில் வைக்க வேண்டும். பக்கத்தில் உள்ள பியானோ படத்தைத் தொட்டால், வைத்ததையெல்லாம் வாசித்துக் காட்டும். சங்கீதம் தெரியாத பிள்ளைகூட ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏதோ ஒரு மெட்டுடன் எழுந்திருக்கலாம்.

அந்த விளையாட்டை நான் விளையாடியதில்லை. ஆனால் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஒன்றை எங்கள் பள்ளியில் பையன்களே உண்டாக்கினார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

1984-85இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும் என்பது நோக்கம். முதல் சுற்றில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகள். இங்கிலாந்தில் ஏகார்ன் கம்பெனி தயாரித்த பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். நான் சேலத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். குப்பனூரிலிருந்து தினமும் பஸ். எங்கள் பள்ளிக்கும் சில பெட்டிகள் வந்தன. எனக்குச் சில வாரப் பயிற்சி. பயிற்சி முடிந்து வந்தபோது, முதல் பெஞ்சு மாணவனைவிட ஒரு வாரப் பாடம் கூடத் தெரிந்தவன், அவ்வளவுதான்.

அந்த மைக்ரோவில் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு போட்டோவுக்குக்கூடப் போதாது. ஆனால் அதற்குள் ஒரு நல்ல ஒலிச் சில்லு இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று சுரங்களும் ஓர் இரைச்சலும் எழுப்பும். ‘சவுண்ட்’ என்று தட்டி நான்கு எண்கள் கொடுத்தால் போதும்: எந்த வாய்க்கால், எவ்வளவு சத்தம், எந்த சுரம், எவ்வளவு நேரம். ‘சவுண்ட் 1, -15, 53, 20’ என்றால் முழுச் சத்தத்தில் நடு ஸ்தாயி சுரம் ஒரு விநாடி ஒலிக்கும். நேரத்தை அது விநாடியில் இருபதில் ஒரு பங்காகக் கணக்கிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சுரத்துக்கான எண். பியானோவில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படிகள். இந்தப் பெட்டியில் நாற்பத்தெட்டு. அதாவது பியானோவின் ஒரு படியை அது நான்காக வெட்டியிருந்தது. 53ஐ ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் சுத்த ரிஷபம் 57, அந்தர காந்தாரம் 69, சுத்த மத்யமம் 73, பஞ்சமம் 81, சுத்த தைவதம் 85, காகலி நிஷாதம் 97, மேல் ஸட்ஜம் 101. பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், இது மாயாமாளவகௌளை. சரளி வரிசையை எண்களாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பையன்கள் தட்டினார்கள். பெட்டி பாடியது.

அதோடு விட்டிருந்தால் அது பாடம். அவர்கள் அதை விளையாட்டாக மாற்றிவிட்டார்கள். ஒருவன் ஏழெட்டு எண்களை ரகசியமாகத் தட்டுவான். மற்றவர்கள் கேட்டுவிட்டு என்ன பாட்டு, என்ன ராகம் என்று சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டுத் துண்டுகள்தான் அதிகம். சொல்ல முடியாமல் போனால் தட்டியவனுக்கு ஒரு புள்ளி. மதிய உணவு வேளையில் அந்த அறை ஒரு ரசிகர் மன்றம் போல இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் எங்கள் ஊர்ப் பக்கம்தான். மேளக்காரர் வீட்டுப் பிள்ளை. அப்பா நாயனம், பெரியப்பா தவில், சித்தப்பா ஒத்து. பெயர் வேண்டாம், இன்றும் நம்மிடையே இருக்கிறவர். குப்பனூர், கொட்டச்சேடு, சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணமோ கோயில் திருவிழாவோ என்றால் அந்தக் குடும்பம்தான் வாசிக்கும். பையனுக்கும் ஏழு வயதிலிருந்து அப்பாவிடம் பாடம். சுர விளையாட்டில் அவனை ஜெயிக்க ஆளில்லை. இரண்டு சுரம் கேட்டால் போதும், ராகத்தைச் சொல்லிவிடுவான்.

ஒரு நாள் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். நேரத்துக்கான எண்ணில் -1 கொடுத்தால் சுரம் நிற்கவே நிற்காது. நாமாக நிறுத்தும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும். ஸட்ஜத்தை அப்படி ஓடவிட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தான். “சார், எங்க சித்தப்பா வேலையை ஒரே வரியில முடிச்சுட்டேன்!” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னவன், சொல்லி முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

ஒத்து என்றால் என்னவென்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாதஸ்வரம் போலவே இருக்கும், ஆனால் விரல் வைத்து ராகம் வாசிக்கும் துளைகள் இல்லை. ஒரே சுருதியை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். வாயால் காற்றைத் தள்ளும்போதே மூக்கால் இழுத்துக்கொள்கிற வித்தை அது. மூன்று மணி நேரம் ஊர்வலம் என்றால் மூன்று மணி நேரமும் ஊத வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. அதனால்தான் பேச்சு வழக்கில்கூட ஆமாம் சாமி போடுகிறவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்கிறோம்.

அவன் சிரிப்பை நிறுத்தியதற்குக் காரணம் இருந்தது. பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், தாமே புல்லாங்குழல் வாசிப்பவர், 1979இல் மின்னணுத் தம்புரா ஒன்றை உருவாக்கி ‘ராடெல்’ என்ற பெயரில் விற்க ஆரம்பித்திருந்தார். அதையொட்டிச் சுருதிப் பெட்டிகளும் பரவத் தொடங்கின. பாடுகிறவர்களுக்குப் பெரிய உபகாரம், சந்தேகமில்லை. ஆனால் மேளக் கோஷ்டிக்கு அது வந்தபோது, ஒத்துக்காரருக்குக் கொடுக்கிற பங்கு மிச்சம் என்று ஆயிற்று. பையனின் வீட்டிலும் அந்த வருஷம் ஒரு சுருதிப் பெட்டி வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாங்கினார்கள். சித்தப்பா கொஞ்ச நாள் தாளம் போட்டார். பிறகு மலைமேல் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இந்தச் செய்தி வீட்டில் அடிபட்டபோது பையனின் அப்பா அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “சித்தப்பன் வேலைக்கு ஒரு வரின்னா, என் வேலைக்கு எத்தனை வரி?”

கோபத்தில் கேட்டாரா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் அடுத்த நாளே வந்து, “தோடி காந்தாரம் போட்டுப் பாக்கணும் சார்” என்றான்.

தோடி ராகத்தின் காந்தாரம் சாதாரண காந்தாரம். எங்கள் கணக்கில் 65. ஆனால் 65ஐத் தட்டினால் தோடி வராது. அந்த சுரம் தன் இடத்தில் நிற்பதே இல்லை. கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். அதுதான் கமகம். நல்ல வேளையாக அந்தப் பெட்டியில் ‘என்வலப்’ என்று இன்னொரு கட்டளை இருந்தது. அதற்குப் பதினான்கு எண்கள் கொடுக்க வேண்டும். சுரம் எத்தனை படி ஏற வேண்டும், எவ்வளவு வேகத்தில், எத்தனை முறை, பிறகு எப்படி இறங்க வேண்டும், சத்தம் எப்படிக் கூடிக் குறைய வேண்டும் என்று எல்லாம் அதில் அடங்கும். சுரத்தின் அசைவை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலில் 57இல் ஆரம்பித்து ஒவ்வொரு படியாகப் பதினாறு படி ஏறி 73ஐத் தொட்டு, அதே போல இறங்கச் சொன்னோம். கேட்டால் ஆம்புலன்ஸ் போகிற மாதிரி இருந்தது. அறையே சிரித்தது.

பையன் விடவில்லை. அப்பா வாசித்ததை ஒரு காசெட்டில் பதிவு செய்து, அந்த ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டான். அப்பாவிடம் மெதுவாக வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். “மெதுவா வாசிச்சா அது தோடியே இல்லடா” என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே காதுதான் கதி. கேட்டுக் கேட்டுப் புரிந்தது என்னவென்றால், அசைவு ஒரே சீராக இல்லை. மேலே வேகமாக ஏறுகிறது, அங்கே ஒரு கணம் நிற்கிறது, பிறகு நிதானமாக இறங்குகிறது. உடனே எண்களை மாற்றினான். நான்கு நான்கு படியாக நான்கே தாவலில் மேலே போ, ஆறு துடிப்பு அங்கே நில், இரண்டிரண்டு படியாக எட்டு முறையில் இறங்கு. இப்போது ஆம்புலன்ஸ் போய்விட்டது. ஏதோ ஒன்று தோடியின் திசையில் வந்தது.

பத்து வருஷமாகத் தன் விரலும் மூச்சும் செய்துகொண்டிருந்த ஒன்றை அவன் அன்றுதான் தெரிந்துகொண்டான். இதைச் சொல்லிக் கொடுத்தது பெட்டி இல்லை. பெட்டிக்கு எதுவும் தெரியாது. எதுவும் தெரியாத ஒன்றுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்ததால், அவன் முதல் முறையாக அப்பாவைக் கூர்ந்து கேட்டான். இசையமைக்கும் விளையாட்டுகளால் ஏதாவது லாபம் உண்டென்றால் அது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அவன் அப்பாவே பள்ளிக்கு வந்தார். வேட்டி, துண்டு, காதில் கடுக்கன். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பையன் தட்டினான். பெட்டி வாசித்தது. இரண்டு முறை கேட்டார்.

“சுரம் தப்பு இல்லீங்க சார். ஆனா போற வழி தெரியாம அங்கயே நின்னு ஆடுது” என்றார்.

என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

“ரிஷபத்துல இருந்து வந்து மத்யமத்துக்குப் போறப்ப காந்தாரம் ஒரு மாதிரிங்க. மேல இருந்து இறங்கி வர்றப்ப வேற மாதிரி. அங்கயே கார்வை குடுத்து நிக்கறப்ப இன்னொரு மாதிரி. எங்க போகப் போறோம்னு தெரிஞ்சாத்தானுங்க எப்படி ஆட்டறதுன்னு தெரியும்.”

பையன் பேசாமல் கேட்டுக்கொண்டான். அடுத்த இரண்டு வாரத்தில் ஒரே காந்தாரத்துக்கு மூன்று என்வலப் எழுதினான்: ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று. மூன்று பதினான்கு நாற்பத்திரண்டு எண்கள். ஒரு சுரத்துக்கு மட்டும். அப்பாவிடம் போய், “உங்க வேலைக்கு எத்தனை வரின்னு தெரியலப்பா, காந்தாரத்துக்கே இவ்வளவு ஆச்சு” என்று சொன்னானாம். அன்று அவர் திருப்தியாகச் சாப்பிட்டார் என்று பையனின் அம்மா பிறகு எங்கள் வீட்டில் சொன்னார்.

அதே 1986 தீபாவளிக்குக் கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ வந்தது. இசை இளையராஜா. அதில் யமஹா சி.எக்ஸ்.5எம் என்ற கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார்கள் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். பெயரைக் கேட்டால் பெரிய ஸ்டூடியோ இயந்திரம் என்று தோன்றும். இல்லை. அது எம்.எஸ்.எக்ஸ். என்ற வகையைச் சேர்ந்த வீட்டுக் கம்ப்யூட்டர். டி.வி.யில் சொருகிக்கொள்ளலாம். நினைவகம் எங்கள் பள்ளிப் பெட்டியில் இருந்த அதே 32 கிலோபைட். ஜப்பானியப் பிள்ளைகள் கார்ட்ரிட்ஜ் சொருகி விளையாட்டு விளையாடிய அதே வகை. கூடவே யமஹா ஒரு பியானோ பலகையும், ஒரே நேரத்தில் எட்டுக் குரல் எழுப்பும் ஒலிப் பெட்டியும் சேர்த்திருந்தது. திரையில் ஐந்து கோடு போட்டுச் சுரங்களை வைத்தால் வாசிக்கும். வில் ஹார்வியின் விளையாட்டைப் போலத்தான்.

அந்த ஒலிப் பெட்டியின் உள்ளே இருந்த தத்துவம் ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு விருந்து. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் என்பவர் 1967இல் கண்டது. அவர் ஒரு சுரத்தை மேலும் கீழும் ஆட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். விநாடிக்கு ஐந்தாறு முறை ஆட்டினால் நம் காது அதை அசைவாகக் கேட்கிறது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் விநாடிக்கு நூற்றுக்கணக்கில் ஆட்டினால் அசைவு மறைந்து, சுரத்தின் குணமே மாறிவிடுகிறது. மணி போல, எக்காளம் போலப் புதிய நாதம் வருகிறது. யமஹா அந்த உரிமையை வாங்கி, 1983இல் டி.எக்ஸ்.7 என்ற கீபோர்டில் போட்டது. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் கேட்ட அந்தக் கண்ணாடிச் சத்தமெல்லாம் இந்த வழியில் வந்ததுதான். ஆட்டத்தை மெதுவாக வைத்தால் தோடி, வேகமாக வைத்தால் டி.எக்ஸ்.7 என்று வகுப்பில் சொல்வேன். பையன்களுக்கு மறக்கவே மறக்காது.

சேலத்தில் அந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்த நாயனக்காரர் என்னிடம், “நல்லா இருக்குதுங்க. வாசிச்ச ஆளு மூச்சே விடலியே?” என்றார். மிஷின் வாசித்தது என்று அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆனால் அவர் காதுக்குத் தெரிந்திருந்தது.

ஆறு வருஷம் கழித்து 1992இல் ‘ரோஜா’ வந்தது. இளையராஜாவின் குழுவில் திலீப் என்ற பெயரில் கீபோர்டு வாசித்த இளைஞர், ஏ.ஆர். ரஹ்மானாகத் தம் வீட்டை ஒட்டிய ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்த படம். முதல் படத்துக்கே தேசிய விருது. அதன் பிறகு கோடம்பாக்கத்தில் ஐம்பது வயலின்காரர்கள் ஒன்றாக உட்காரும் காட்சி மெல்லமெல்ல அபூர்வமாகிவிட்டது. யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் தந்த பாட்டுகளை நாம் எல்லோரும் ஆசையாகக் கேட்டவர்கள்தான்.

நாயனக்காரரின் கேள்விக்கு வருகிறேன். மிஷின் தோடியைக் கற்றுக்கொண்டு தம் வேலையைப் பிடுங்கிவிடுமோ என்று அவர் கவலைப்பட்டார். கடைசிவரை அது தோடியைக் கற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் வேலை குறைந்தது. கெட்டிமேளத்துக்கு மட்டும் ஆள் வைத்து, மற்ற நேரமெல்லாம் காசெட்டு போட்டார்கள். பிறகு ஊர்வலத்துக்கு பேண்டு, அதன் பிறகு செண்டை, இப்போது டி.ஜே. அவரை ஜெயிக்க இன்னொரு நாயனம் தேவைப்படவில்லை. மூன்று காந்தாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கிற காதுகள் பந்தலில் குறைந்தால் போதுமாக இருந்தது. வாசிக்கிறவர் அவராகவே இருந்தார். கேட்கிறவர்கள் நாம் மாறிவிட்டோம்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. பையன் பாலிடெக்னிக் படித்து, சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்து, இப்போது ஐம்பது தாண்டிவிட்டார். (அவன் இவன் என்று எழுதிக்கொண்டே வந்துவிட்டேன். ஆசிரியனுக்கு அந்த உரிமை உண்டு.) கீபோர்டில் எந்த வாத்தியத்தையும் கொண்டுவந்துவிடும் வேலை. சென்ற மாதம் போனில் பேசினார்.

“வயலின், குழல், வீணை எல்லாம் பொத்தான்லயே முடிச்சுடுவேன் சார். நாதஸ்வரம்னா மட்டும் ஆளைக் கூப்பிட்டுடுவேன். சம்பளம் பேரம் பேச மாட்டேன்” என்றார்.

“நீயே வாசிக்கலாமே?”

“ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வாசிக்கிறேன் சார். அப்பாவோட நாயனம்தான். வருஷா வருஷம் சீவாளி மட்டும் மாத்தறேன். ஊர்வலத்துக்கு நிக்க மூச்சு பத்தாது. தோடி மட்டும் வருது.”

இப்போது இசையமைக்கும் விளையாட்டு எல்லாப் பிள்ளைகளின் கைப்பேசியிலும் இருக்கிறது. கட்டங்களைத் தொட்டால் தாளம், இழுத்தால் மெட்டு. பேரப் பிள்ளைகள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் கேட்டு வளர்ந்த ஒரு பாட்டைச் சொல்லி, அதில் ஒரே ஒரு வளைவை அந்தப் பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் ஆம்புலன்ஸ்தான் வரும். அப்போது அந்தப் பாட்டை ஒரு தடவை நீங்களே பாடிக் காட்டுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. பிள்ளை கவனித்துக் கேட்கும்.